காலியான அறை

"மத்த ஆபரேஷனை எல்லாம் தள்ளி வெச்சாச்சு. இதைத் தள்ள முடியாது. தொற்று வந்த கர்ப்பிணி, வயித்துல குழந்தை" என்றார் பெரிய டாக்டரம்மா, அறையில் கூடியிருந்த டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும். "யாரையும் கட்டாயப்படுத்தல. பயமா இருந்தா தாராளமாப் போகலாம். நான் திரும்பி நின்னுக்கறேன்."

சுவரைப் பார்த்து நின்றார். காலடிச் சத்தம் கேட்டு அடங்கியது. திரும்பினால், அறையில் ஒருவர்கூட இல்லை.

நாற்காலியில் சரிந்தார். 'அவங்களுக்கும் குழந்தைகுட்டி இருக்கே' என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தனியாகவாவது பார்த்துவிடலாம் என்று எழுந்து போய் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்தார்.

கர்ப்பிணியைச் சுற்றி, பாதுகாப்பு உடையில், அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

"எங்க மேடம் போயிட்டீங்க? உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா அழுகையை அடக்கிக்கொண்டு பாதுகாப்பு உடையை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சேர்த்து வீறிட்டது, குழந்தை.