தெக்லாவின் கைராசி

ஆக்னெஸ் ரவிக்கையின் பொத்தான்களைத் தயங்கித் தயங்கிக் கழற்றினாள்.

இடது மார்பில் கட்டி. விரல் வைத்ததுமே தெக்லாவுக்குப் புரிந்துவிட்டது. அக்குளிலும் கழுத்தடியிலும் தடவிப் பார்த்தாள். அங்கேயும் பரவியிருந்தது. இனி கத்தி வைத்தும் பயனில்லை.

அன்று காலையில்தான் வாசலில் 'டாக்டர்' என்று எழுதிய பலகையை மாட்டியிருந்தாள். லைப்சிக் நகரத்தின் அந்த ஆலைத் தெருக்களில் ஒரு பெண்ணின் பெயரோடு தொங்கிய முதல் பலகை.

சூரிச்சில் படித்து வாங்கிய பட்டம் ஜெர்மனியில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பலகை இல்லாமலேயே வைத்தியம் பார்த்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டதற்கு இரண்டு முறை அபராதம். எதிர்ச்சாரி டாக்டர்கள் கண்கொத்திப் பாம்பு மாதிரி அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வைத்தியத்தில் ஒரு உயிர் போனால் போதும், போலி வைத்தியம் என்று உள்ளே தள்ளிவிடலாம்.

போகவில்லை. ஆறு வருடத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. கைராசிக்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். சட்டம் மாறியது, பரீட்சை எழுதினாள், பலகையும் வந்தது. தன் கைராசியைப் பற்றி அவளுக்கே உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இத்தனை வருடமும் அவளுடைய வெள்ளை அங்கிகளை வெளுத்துக் கொடுத்தவள் இதே ஆக்னெஸ்தான். திங்கள்கிழமை தவறாமல் இந்தக் கதவைத் தட்டியவள்.

தெக்லாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வாராவாரம் வந்தியே ஆக்னெஸ், ஒரு தடவை எங்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?"

ஆக்னெஸ் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் உங்க கையில செத்திருந்தா உங்களை விட்டுவச்சிருப்பாங்களா, டாக்டரம்மா? காய்ச்சல் இருமல்னா உங்ககிட்ட வர்றது, தேறாத கேஸுன்னா நீங்க பலகை மாட்டுற வரைக்கும் பொறுத்துக்கிறதுன்னு சலவைக்கூடத்துல நாங்க எல்லாரும் பேசி வச்சிருந்தோம்."

தெக்லா சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்காகக் கதவைத் திறந்தாள்.

மாடிப்படி நெடுக, கீழே தெருவாசல் வரைக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.