மண்டைப் பரீட்சை

டொக்டர் முதலில் கேட்டது, இப்போது நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று.

பரமட்டா என்றேன். கூடவே வீதியின் பெயரையும், வந்த ரயில் வழியில் எங்கே தாமதித்தது என்பதையும் சொன்னேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனைவி சிவனேஸ்வரி உடனே குறுக்கே புகுந்து, இவர் பரமட்டா என்றுதான் சொல்கிறார் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. புருஷன் சொன்ன பதிலைப் பெண்சாதி திருப்பிச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் தலையில் எந்தப் பழுதும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் பிஸ்கற் தொழிற்சாலையின் பண்டகசாலையில், மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டி என் தலையில் விழுந்தது உண்மைதான். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உண்மைதான். அதற்காகத் தொழிற்சங்கக்காரர்கள் நட்டஈடு கேட்க, காப்புறுதிக் கம்பனி என்னை இந்த டொக்டரிடம் அனுப்பியிருந்தது.

மண்டை பழுதென்று சொல்லிக் காசு வாங்குவதா? எங்கள் பரம்பரையில் கால் முறிந்தவர்கள் உண்டு. மாடு முட்டியவர்கூட ஒருவர் உண்டு. மண்டை பழுதானவர் எவரும் இல்லை.

அதோடு, மகள் இரஞ்சிதத்துக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் மெல்பேர்னில், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். அவன் தகப்பன் மகேந்திரராஜா, பாட்டன் பூட்டன் வரை தோண்டிப் பார்க்கிற மனிதர். பெண்ணின் தகப்பனுக்கு மண்டை பிசகு என்று ஒரு டொக்டர் எழுதிவிட்டால் கலியாணப் பேச்சு அன்றோடு சரி.

ஆகவே கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, பரீட்சைக்குப் போவதுபோலவே போயிருந்தேன்.

புறப்படும்போதே சிவனேஸ்வரி, "இஞ்சாருங்கோ, அங்க போய்க் கெட்டித்தனம் காட்டாதேங்கோ. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

டொக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தொடங்கி, மூச்சு விடாமல் இரண்டு வரை இறங்கித்தான் நின்றேன். ஆயிரத்திலிருந்து கழித்துக் காட்டவா என்றும் கேட்டேன்.

சிவனேஸ்வரி விரல்களை மடித்து மடித்து என் பின்னால் ஓடிவந்தாள். அறுபத்தைந்தில் இளைத்துப்போனாள்.

அடுத்து, இந்த நாட்டின் பிரதமர் யார் என்றார்.

அது எழுபத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம். இருந்த பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கி, வேறொருவரை வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போன கிழமை இருந்தவரைக் கேட்கிறீர்களா, இந்தக் கிழமை இருப்பவரைக் கேட்கிறீர்களா என்றேன்.

டொக்டரின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சிவனேஸ்வரி ஏதோ சொன்ன பிறகுதான் மேசையில் தட்டிச் சிரித்தார். நல்ல பகிடி வெள்ளைக்காரருக்கு மெல்லத்தான் ஏறும்.

உள்ளதைச் சொன்னால், இந்த நாட்டாருக்கு ஆங்கிலம் போதாது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை லிகிதராக இருந்தவன். அரசாங்க அதிபரின் கடிதங்களிலேயே பிழை திருத்தியவன். பெட்டி என் தலையில் விழுந்த நாளிலிருந்து இவர்களுடைய ஆங்கிலம் இன்னும் மோசமாகிவிட்டது. பஸ் சாரதியிடம் போகிற இடத்தைச் சொன்னால் கையை விரிக்கிறான். இறைச்சிக்கடைப் பையனிடம் ஆட்டிறைச்சி கேட்டால், சிரித்துக்கொண்டே உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வருகிறான்.

டொக்டர் பேனையை மூடினார்.

முழுப் புள்ளி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அவர் சிவனேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "உங்கள் கணவரின் கணக்கும் ஞாபகமும் என்னுடையதைவிடத் திறம். ஆனால் இவ்வளவு நேரமும் அவர் பேசியது எந்த மொழி?"

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள்.

"தமிழ், டொக்டர். அடிபட்ட நாளிலயிருந்து இங்கிலீஷ் விளங்குது, வாயில வருகுதில்லை. தான் இங்கிலீசிலதான் கதைக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். சொன்னால் மனம் உடைஞ்சுபோவார் எண்டு நானும் மகளும் சொல்லயில்லை."

டொக்டர் அவளைத் தேற்றினார். இப்படி அபூர்வமாக நடப்பதுண்டு, பயிற்சி கொடுத்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரும், அதுவரை சம்பளத்தையும் வைத்தியச் செலவையும் கம்பனி கொடுக்கத்தான் வேண்டும் என்றார்.

மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், மெல்பேர்னுக்கு இது தெரியவருமோ என்று அவள் கேட்டாள். அறிக்கை கம்பனியைத் தவிர வேறு எங்கும் போகாது என்று அவர் கையடித்துச் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன்.

கச்சேரி முழுக்க நடுங்கிய அதே ஆங்கிலத்தில், இதெல்லாம் பச்சைப் பொய் என்றும், உண்மையில் சோதிக்க வேண்டியது டொக்டரின் மண்டையைத்தான் என்றும், ஒரு சொல் தடுக்காமல் சொல்லி முடித்தேன்.

டொக்டர் மரியாதையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிவனேஸ்வரியைப் பார்த்தார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லுறார், டொக்டர்" என்றாள்.