கடைசிக் கம்பு

கடல் ஏறுகிறது என்ற சைரன் ஊதி ஓய்ந்து கால்மணி ஆகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையை ஒட்டிய மணல்திட்டில் ஹிலரியும் அவள் கணவன் கிளைவும் மட்டும்தான் மிச்சம். எதிரே கடல் இன்னும் எட்டத்தில் மினுங்குகிறது. காலையில் கணுக்கால் நனையக் கடந்து வந்த ஓடையோ முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிரம்புகிறது. காற்றை மறைக்கக் கட்டிய கோடுபோட்ட துணியின் கம்புகளை கிளைவ் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். "அந்தச் சனியனை விட்டுத் தொலை! நீச்சலும் தெரியாது, நேரமும் தெரியாது உனக்கு!" என்று கத்துகிறாள். "கடைசிக் கம்புதான். நீ ஃபிளாஸ்கை மூடு" என்கிறான். அக்கரையில் ஜனம் ஐஸ்கிரீமை மறந்து கையை ஆட்டுகிறது. ஓடையில் இறங்கியதும் ஹிலரிக்குத் தொடைவரை குளிர் ஏறுகிறது. அடுத்த அடியில் தரையே இல்லை. கிளைவ் அவள் தோளைப் பற்றி இழுத்து, கம்பை முன்னால் ஊன்றுகிறான். முழுசாய் மூழ்குகிறது. நகர்த்தி ஊன்றுகிறான். பாதிதான் மூழ்குகிறது. "இந்தப் பக்கம்" என்கிறான். அந்தச் சனியனை ஹிலரியும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.