பயந்தாங்கொள்ளிக்கு ஒரு பம்ப்

நர்ஸ் சைமியின் கை ஊசிப் பெட்டியில் பட்டதுதான் தாமதம், எட்டு வயது ஹில்லா வீரிட்டாள்.

"ஐயய்யோ! குத்தப் போறாங்க! குத்தப் போறாங்க!"

அவள் அப்பா தபியோ சட்டென்று எழுந்தார். "இந்தக் குளிருக்குக் காரைச் சூடாக்குற வயரைச் செருகினேனா இல்லியான்னு சந்தேகமா இருக்கு. பாத்துட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்றாள் அம்மா ஹென்னா. "வீட்டுலயும் இதே கூத்துதான். இவ கத்துவா, அவர் பனி அள்ளக் கிளம்பிடுவார். ஒரு நாளைக்கு நாலு ஊசி, நாலு தடவை பனி. எங்க தெருவுலயே எங்க வாசல்தான் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். போன வாரம் பனியே விழல. அப்பவும் மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போறார்! பெத்த பொண்ணு கத்துறாளே, பக்கத்துல நிப்போம்னு தோணுதா?"

சைமி சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டு எடுத்தாள். ஹில்லா அதற்குள் மேஜையில் இருந்த இரண்டு மாதிரி இன்சுலின் பம்ப்புகளையும் குடைய ஆரம்பித்திருந்தாள்.

இன்று பின்லாந்தின் குவோப்பியோ நகர ஆஸ்பத்திரிக்கு வந்ததே பம்ப் தேர்ந்தெடுக்கத்தான். ஹில்லாவுக்கு வந்திருப்பது குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய். மாத்திரைக்கெல்லாம் மசியாது, இன்சுலின் உள்ளே போயே ஆக வேண்டும். பம்ப் வைத்துவிட்டால் சாப்பாட்டுக்குச் சாப்பாடு குத்த வேண்டாம், மூன்று நாளைக்கு ஒரு தடவை மாட்டினால் போதும். ஆனால் எதை எடுக்கிறார்களோ அதோடுதான் நாலு வருஷம் ஓட்ட வேண்டும்.

தபியோ மீசையில் பனியோடு திரும்பினார்.

"அழுகை ஓஞ்சுதா? யாரைக் கொண்டு பொறந்தாளோ! நான் ராணுவத்துல மைனஸ் முப்பது டிகிரியில கூடாரம் போட்டுத் தூங்கினவன் சிஸ்டர்."

"இங்க வெளியிலயும் மைனஸ் இருபதுதான், உக்காருங்க," என்ற சைமி, பம்ப்புகளை எடுத்துக் காட்டினாள். "இது குழாய் வெச்சது. சவுனாவுல நீராவிக் குளியலுக்குப் போறப்ப கழட்டி வெளியில வெச்சுடலாம். இது தோல்லயே ஒட்டிக்கிறது. நெனச்சப்ப கழட்டி மாட்ட முடியாது. சவுனா சூட்டுல உள்ள இருக்கிற இன்சுலின் கெட்டுடும்."

"அப்ப யோசிக்கவே வேணாம், குழாய்தான்!" என்றாள் ஹென்னா. "சனிக்கிழமை சவுனான்னா இவளுக்கு உயிர். பெரியவங்களே தாங்க முடியாம ஓடி வந்துடுவாங்க. இவ மேல் பெஞ்சுல உக்காந்துகிட்டு, 'கல்லு மேல இன்னும் தண்ணி ஊத்து'ம்பா."

"எனக்கு ஒட்டுறதுதான் வேணும்," என்றாள் ஹில்லா.

"சவுனா?"

"பரவாயில்ல."

சவுனாவைப் பற்றி ஒரு குழந்தை 'பரவாயில்ல' என்று சொல்லி, சைமி தன் சர்வீஸில் கேட்டதில்லை.

"ஏன்டா கண்ணு?"

"இதுல ஊசியே வெளியில தெரியாது. ஒட்டிட்டுப் பட்டனை அமுக்கினா உள்ளுக்குள்ளயே குத்திக்கும்."

தபியோ தொடையில் தட்டிச் சிரித்தார். "அதானே பாத்தேன், பயந்தாங்கொள்ளி! ஒரு ஊசிக்குப் பயந்து நாலு வருஷ சவுனாவை விடுறியே! சிஸ்டர், குழாய் பம்ப்பே குடுங்க. அந்த ஊசியை வெளிய எடுத்துக் காட்டுங்க. பயம் தெளியட்டும்."

சைமி ஊசியின் உறையைக் கிழிக்கப் போனாள்.

"ஐயய்யோ! ஊசி! ஊசி!"

கூரை பறந்துவிடும் போலிருந்தது. தபியோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அந்த வயரு... சரியா செருகலன்னு நெனக்கிறேன்..." என்றபடி நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடினார்.

கதவு சாத்தியதும் அலறல் நின்றது. ஹில்லா ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ப்பூ, இவ்வளவுதானா?"

"ஏம்மா, நானும் பாத்துகிட்டே இருக்கேன்," என்றாள் சைமி. "பெட்டியைத் தொட்டாலே கத்துற. குத்தும்போது வாயே திறக்கறதில்லையே?"

ஹில்லா குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடியே கத்தினாத்தானே அப்பா எழுந்து போக நேரம் கிடைக்கும்? முதல் தடவை நான் கத்தல. அவரு ஊசியைப் பாத்துட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. ஃப்ரிட்ஜ்ல தலை இடிச்சுது."

"தரை வழுக்கிடுச்சுன்னாரே அந்த மனுஷன்!" ஹென்னா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஒட்டுற பம்ப்னா அப்பாவும் நம்மகூடவே உக்காந்திருக்கலாம்லம்மா. பாவம், இல்லாத பனியை எத்தனை நாளைக்குத்தான் அள்ளுவாரு?"

ஹென்னாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சைமி ஒட்டும் பம்ப்பை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கதவுக்கு வெளியே தபியோவின் குரல் கேட்டது. "என்ன, சத்தத்தையே காணோம்? பயந்தாங்கொள்ளிக்குப் பயம் தெளிஞ்சுதா? உள்ள வரலாமா?"

ஊசி இன்னும் மேஜைமேல்தான் பளபளத்துக்கொண்டிருந்தது. ஹில்லா உதட்டில் விரலை வைத்து இருவரையும் எச்சரித்தாள். பிறகு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ! இன்னும் தெளியலப்பா! நீங்க இன்னொரு தடவை அந்த வயரைப் பாத்துட்டு வாங்க!"