பெரிய உசுரு

குன்னத்திலிருந்து பிரசவத்துக்கு வண்டி கட்டிக் கொண்டுவந்த வேம்புவுக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே வலிப்பு கண்டுவிட்டது.

“ரெண்டு உசுரும் தேறுறது கஷ்டம். யாரை மொதல்ல பாக்கட்டும்?” என்றார் லேடி டாக்டர்.

வேம்புவின் அண்ணி செல்வம்மாள் யோசிக்கவேயில்லை. “பெரிய உசுரைக் காப்பாத்துங்க. புள்ள போனாப் போவட்டும்.”

“பெத்தவளா இருந்தா இப்படிச் சொல்ல வாய் வருமா?” என்று நர்சு முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

சிறுவாச்சூர் அம்மன் கைவிடவில்லை. இரண்டு உயிரும் பிழைத்தன. நர்சு செல்வம்மாளைத் தாண்டிப்போய், குழந்தையை வேம்புவிடம் நீட்டினாள்.

“எனக்குத்தான் மூணு இருக்குதுங்களே. இது எங்க அண்ணிக்குன்னு சுமந்த புள்ள. அவங்ககிட்ட குடுங்க.”

நர்சு திகைத்துத் திரும்பினாள். செல்வம்மாள் பிள்ளையை வாங்குமுன், வேம்புவின் கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.