எதிர்வீட்டில் இரண்டு டிவி

இதை ஒழுங்காகச் சொல்வேனோ மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் எதிர்வீட்டுக்காரியைத் திருடி என்று நினைத்துவிடுவீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கணவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ரத்தம் சுத்தம் செய்கிற செலவை எங்கள் குடியிருப்புச் சங்கம்தான் வசூல் செய்து கட்டுகிறது.

என் வீட்டுக்காரர் பெயின்டர். அவருக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. ஏணி ஏறினவர் இப்போது செருப்பு மாட்டவே மூச்சு வாங்குகிறார். "ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் சங்கத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தேன்.

சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வீடு திரும்பினால் என் கண் நேரே எதிர்வீட்டுக்குள் போகும். அவளுக்குக் கதவைச் சாத்தும் பழக்கமே கிடையாது.

முதலில் ஒரு பிரிட்ஜ் வந்தது. பிறகு ஒரு டிவி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு டிவி.

"ரெண்டு டிவிங்க! ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு அவர் கிட்னிக்கா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உனக்கு ஏன்டி வயிறு எரியுது?"

"எரியாதா? ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தர நீங்க தலையால தண்ணி குடிச்சீங்க. அவளுக்கு ஊர்க்காசுல வீடே நிறையுது. நமக்குத்தான் ஒரு நாதியும் இல்லை."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சங்கச் செயலாளரின் ரொட்டிக்கடைக்குள் நுழைந்தேன்.

"நான் ஒண்ணும் கோள் சொல்ல வரலை அண்ணே..."

"எல்லாரும் இப்படித்தாம்மா ஆரம்பிப்பாங்க. சொல்லுங்க."

சொன்னேன். ரொட்டியை உறையில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஜனங்க வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிக் கொடுக்கிற காசும்மா அது. சரி, நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம். மறுநாள் சொல்லாம கொள்ளாம அங்கேயும் நுழையறோம்."

"என் வீட்டுக்கு எதுக்கு அண்ணே?"

"மனுக் கொடுத்தவங்க வீட்டை நேர்ல பார்க்காம வசூல் கிடையாது. வசதி இருக்கா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

அன்று எத்தனை சட்டையைத் தீய்த்தேனோ தெரியாது. வீட்டுக்கு வந்தால், குளியலறை வாசலில் வாஷிங் மெஷின் பளபளவென்று நிற்கிறது. அதை எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கு அடியில் போகுமா?

"அக்கா!" என்று எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்தாள். "நாளைக்கு உங்க வீட்டைப் பார்க்க வர்றாங்களாமே? ரொட்டிக்கடையில காதுல விழுந்துச்சு."

வேறு என்ன விழுந்ததோ என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"முதல்ல இந்த மெஷினை எங்க வீட்டுக்குத் தள்ளுங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

"எதுக்கும்மா?"

"என்னக்கா விவரம் தெரியாம இருக்கீங்க! நம்ம தெரு டிரைவர் வீட்ல சங்கத்துக்காரங்க பிரிட்ஜைப் பார்த்துட்டு 'வசதியானவங்க'ன்னு திரும்பிப் போயிட்டாங்க. அவர் சம்சாரம் ஆபரேஷன் இல்லாம துடிச்சுப் போச்சு. மறுபடி மனுக் கொடுத்தப்ப அந்த பிரிட்ஜை நான்தான் வாங்கி வச்சேன். அப்புறம் தையல்காரம்மா டிவி, மாடிவீட்டு டிவின்னு ஒவ்வொண்ணா வந்துடுச்சு. வசூல் முடியற வரைக்கும் எங்க வீட்லயே கிடக்கும். எங்க வீட்டைத்தான் பார்த்து முடிச்சாச்சே, இனிமே யார் வரப் போறா?"

"அப்போ... உன் சாமான்?"

"அதெல்லாம் முதல் மாச மருந்துக்கே போயாச்சு." சிரித்தாள். "ஒரு டிவியையாவது போடுடின்னு இவர் கெஞ்சறார். அடுத்தவங்க பொருளாச்சேன்னு நான் தொட விடறதில்லை."

இருவருமாக மெஷினைத் தள்ளிக்கொண்டு போனோம்.

மறுநாள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், அலமாரியைத் திறந்தார்கள், கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரையும் பார்த்தார்கள்.

"வசூலை இன்னைக்கே ஆரம்பிச்சுடறோம்மா" என்றார் செயலாளர். பிறகு எதிர்வீட்டைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அங்கே. கையும் களவுமா பிடிக்கிறோம்."

அவர்கள் தெரு திரும்பும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"எல்லாத்தையும் எடும்மா, எங்க வீட்டுக்கு!"

"ஏன்க்கா? இங்கேயே இருக்கட்டுமே."

"உன் வீட்டுக்கு நாளைக்குத் திரும்ப வர்றாங்களாம். எங்க வீட்டைத்தான் பார்த்து முடிச்சாச்சே!"

"திரும்ப வர்றாங்களா? யாரு என்ன சொன்னாங்க?"

"யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவ. நீ அந்தப் பக்கம் பிடி."

தையல்காரம்மாவும் டிரைவரும் ஓடி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார்.

"கடைசியில உனக்கும் ரெண்டு டிவி வந்துடுச்சுடி" என்றார்.

அடுத்த நாள் சங்கத்துக்காரர்கள் எதிர்வீட்டின் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். செயலாளர் என்னை ஒரு முறை முறைத்தார். நான் அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று மாலையே கனமான துணியாகப் பார்த்து வாங்கி வந்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் திரை தைத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தெருவில் என்னை மாதிரி இன்னொருத்தி இருந்து தொலைத்தால்?