எட்டடி வட்டம்

டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள். மறுமுனை கணவன் கையில்.

வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து அது. தண்ணீர் மோட்டார், துவைக்கும் கல், விளிம்பு உடைந்த பக்கெட். உச்சி வேளை தவிர வெயில் உள்ளே வராது.

அஞ்சே முக்கால் அடி.

கடைக்காரர் அனுப்பிய படங்களைப் போனில் மறுபடி தள்ளிப் பார்த்தான். மகள் குதிப்பதற்கான டிராம்போலின்கள். வட்டம், செவ்வகம், ஓவல். புடவைக் கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டாதவன், காலையிலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஓவலே எடுத்துக்கலாம். இந்தச் சந்துக்குக் கச்சிதமா இருக்கும். வர்றவங்க கண்ணுலயும் படாது."

வருகிறவர்கள் என்றால், அவன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சம்யுதாவுக்கு எட்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் குதிப்பாள். கட்டில் பலகை இரண்டு முறை உடைந்தாயிற்று. குதித்து முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும், கண் அசரும்.

பயிற்சி கொடுக்கும் டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வட்டமாக வாங்குங்கள், எங்கே குதித்தாலும் பிள்ளையை நடுவுக்கே கொண்டுவந்து விட்டுவிடும் என்று. இவனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான். நன்றாகவே ஆட்டினான்.

இப்போது வட்டத்துக்கு இடம் இல்லையாம்.

இடம் இருக்கிறது. போர்டிகோவில் தாராளமாக இருக்கிறது. அங்கே கார் நிற்கிறது. காருக்கு வெயில் ஆகாது. காக்கை எச்சம் ஆகாது. போர்த்திவிடத் தனியாக ஓர் உறை வேறு.

பிள்ளைக்குச் சந்து.

போன தடவை வேறொரு வீட்டார் வந்தபோது சந்துகூடத் தேவைப்படவில்லை. சளி மருந்து போதுமாக இருந்தது. சளியே இல்லாத பிள்ளைக்கு, ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக. குழந்தை நாலு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் போயின. ஒரே குழந்தைதானா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம், அசந்து தூங்குகிறாள் என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள் இவள்.

அந்த வரன் தட்டிப்போனது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை இதில் எங்கேயும் வரவில்லை.

யோசனை யாருடையதாகவும் இருக்கட்டும். மூடியில் ஊற்றி வாயில் விட்டது இவள் கை. குழந்தை முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்தாள். அம்மா தருகிறாளே என்று குடித்தாள்.

அந்தக் கைதான் இப்போது டேப்பைப் பிடித்திருக்கிறது.

விட்டாள்.

டேப் சரசரவென்று ஓடி அவன் விரலில் அடித்தது. அவன் கையை உதறினான்.

அடிக்கட்டும்.

அவன் போனை வாங்கி, கடைக்காரருக்கு இரண்டே வார்த்தை அனுப்பினாள். வட்டம். எட்டடி. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கோலமாவு டப்பாவோடும் நாலடிக் கயிற்றோடும் போர்டிகோவுக்கு வந்தாள். வாசற்படிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சின்னப் பூந்தொட்டியை வைத்தாள். கயிற்றைத் தளர்வாக அதில் சுருக்கிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்து, குனிந்தபடியே மாவை விட்டுக்கொண்டு சுற்றி வந்தாள். தினமும் வாசலில் போடுகிற கைதான். இன்று கோடு தடித்து விழுந்தது.

பாதி வட்டத்தில் காரின் முன்சக்கரம் வந்துவிட்டது.

கையில் மாவோடு நிமிர்ந்து நின்றாள்.

சந்திலிருந்து அவன் வந்தான். தரையைப் பார்த்தான். காரைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

சம்யுதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கோட்டை மிதிக்காமல் ஒரு தாண்டு தாண்டினாள். பூந்தொட்டியைக் காலால் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்திலேயே நின்று குதிக்க ஆரம்பித்தாள். கையைத் தட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கூவிக்கொண்டு.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் வேகமாகப் போய்க் கேட்டில் கை வைத்தான். குழந்தை கூவினால் கேட்டைச் சாத்துவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"சாத்தாதீங்க. கார் வெளிய போகோணும்."